பெர்த் - கொக்கல: இரண்டு சூரியோதயம் பார்த்த விமானம்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து பிரிட்டனின் லண்டனுக்கு இடையில் எங்கும் இறங்காமல் போகும் விமானம் 2018 மார்ச்சில் தொடங்கியது. தூரம் சுமார் 14,500 கி.மீ. நேரம் ஏறத்தாழ 17 மணி. "அடேயப்பா, இவ்வளவு நேரம் உட்கார்ந்தே போவதா!" என்று பலர் மலைத்தார்கள். அதே பெர்த்திலிருந்து நம் பக்கத்து நாடான இலங்கைக்கு வர ஒரு காலத்தில் 30 மணி நேரம் ஆனது. அதுவும் நடுவில் எங்கும் இறங்காமல்!

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான விமானப் பாதை சிங்கப்பூர் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அது அறுந்துபோனது. மிச்சமிருந்தது இந்தியப் பெருங்கடல் மட்டுமே. பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரி வரை சுமார் 5,650 கி.மீ. வெறும் தண்ணீர்.

1943ல் குவான்டாஸ் நிறுவனம் இந்தப் பாதையில் ஐந்து கேட்டலினா கடல் விமானங்களை ஓட்டத் தொடங்கியது. தண்ணீரிலிருந்து கிளம்பித் தண்ணீரில் இறங்கும் இரட்டை எஞ்சின் விமானம் அது. மணிக்கு 200 கி.மீ. வேகம்தான். கணக்குப் போட்டால் 28 மணி நேரம் வருகிறது. ஆனால் எதிர்க்காற்று கணக்குக்குக் கட்டுப்படுமா? பயணங்கள் 27 மணியிலிருந்து 33 மணி வரை இழுத்தன.

அத்தனை நேரம் பறக்க எரிபொருள் வேண்டுமே! கிட்டத்தட்ட 9,000 லிட்டர் நிரப்பினார்கள். அந்தப் பாரத்தை ஈடுகட்ட உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி எறிந்தார்கள். கடைசியில் மிஞ்சிய இடம் மூன்றே பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும்தான். கிளம்பிய முதல் சில மணி நேரத்தில் ஒரு எஞ்சின் நின்றால், இன்னொன்றை வைத்து அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. கீழே கடல்!

இன்னொரு தொல்லை ஜப்பானிய ரோந்து விமானங்கள். கேட்டலினாவில் துப்பாக்கி கிடையாது. ஆபத்தான பகுதியை இருட்டில் தாண்டும்படி நேரம் பார்த்துக் கிளம்பினார்கள். வானொலியில் பேசத் தடை. அதனால் வழிகாட்ட நட்சத்திரங்கள்தான். விமானங்களுக்கும் ஆல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரிஸ், ஸ்பைகா என்று நட்சத்திரப் பெயர்களையே வைத்தார்கள் (பொருத்தம்தான்!).

ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம். பயணிகளுக்கு "இரட்டைச் சூரியோதய இரகசிய சங்கம்" என்ற பெயரில் சான்றிதழ்கூட உண்டு. குவான்டாஸ் பிற்பாடு சிட்னி - லண்டன் நேரடிச் சேவைத் திட்டத்துக்கு 'சூரியோதயத் திட்டம்' என்று பெயர் வைத்தது இதை நினைத்துத்தான்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாதவர்கள் கொக்கல மக்கள். விமானத்தளத்துக்காக ஊரையே காலி செய்ய வைத்தார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. அவருடைய வீடு எப்படியோ தப்பியது. இன்று அது அருங்காட்சியகம்.

1944ல் லிபரேட்டர் விமானங்களும் வந்து சேர்ந்தன. அவை இரத்மலானைக்குச் சுமார் 17 மணியில் வந்தன. இன்று லண்டனுக்கே போய்விடும் நேரம்! கேட்டலினாக்கள் 1945 ஜூலை வரை ஓடின. மொத்தம் 271 முறை கடலைக் கடந்தன. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

அமெரிக்காவிடமிருந்து போர்க்கால ஒப்பந்தத்தில் வந்த விமானங்கள் அவை. போர் முடிந்தபின் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. நான்கை பெர்த்துக்கு எதிரே ராட்னெஸ்ட் தீவுக்கு அப்பால் கொண்டுபோய்க் கடலில் மூழ்கடித்தார்கள். ஐந்தாவதுக்கும் அதே கதிதான், சிட்னிக்கு வெளியே.