‘ஹெர்குலியன்’ என்னும் சொல்

ஆங்கிலத்தில் பேராற்றலைக் குறிக்கும் சொற்களுள் ‘ஹெர்குலியன்’ ஒன்று. தோள்வலிமையை மட்டுமே அது சுட்டுவதாகக் கருதுவோர் நம்மிடையே பலர். அதன் வரலாறோ வேறு கூறுகின்றது.

கிரேக்கர் ஹெராக்ளீஸ் என்றழைத்த வீரனை ரோமர் ஹெர்குலிஸ் என்றனர். சித்தம் கலங்கித் தன் மக்களையே கொன்ற அவன், அப்பழி தீர யூரிஸ்தியஸ் மன்னனுக்கு ஏவல் பூண்டு, 12 அரும்பணிகளை முடித்தான் என்பது அவர்தம் புராணம். அவற்றுள் ஒன்று, எலிஸ் நாட்டு மன்னன் ஆகியஸின் மாட்டுத்தொழுவத்தில் பல்லாண்டு குவிந்த சாணத்தை ஒரே நாளில் அகற்றுவது. ஆல்ஃபியஸ், பெனியஸ் என்னும் ஈராறுகளைத் தொழுவத்தின் வழியே திருப்பிவிட்டு அதனை அவன் முடித்தான். அங்கே வென்றது புயவலியன்று, மதிநுட்பமே.

அரபியில் வலிமை ‘குவ்வத்’ எனவும், வருந்தி முயலும் முயற்சி ‘ஜுஹ்து’ எனவும் வழங்கும். ஹெர்குலியன் என்பது முன்னதைக் குறிப்பதுண்டு. ஆயினும் இன்றைய ஆங்கிலத்தில் பணி, முயற்சி ஆகியவற்றுக்கு அடையாகிப் பின்னதையே பெரிதும் உணர்த்துகின்றது. தமிழில் இதற்கு நேரானது ‘பகீரதப் பிரயத்தனம்’. முன்னோர் கடைத்தேறக் கங்கையைக் கொணர்ந்த பகீரதன் கதையிலும் மற்போர் இல்லை. தளராத தவமே உண்டு. எனவே, மொழிபெயர்க்குங்கால் ‘பயில்வானின் முயற்சி’ என்றெழுதாமல், ‘பகீரதப் பிரயத்தனம்’ என்றெழுதுதலே நமக்குத் தகும்.