மரண ஏட்டில் நம் முன்னோர்

ஜூபிலி மலர் என்றால் கோவில் கட்டிய வரலாறும், பணியாற்றிய பங்குக்குருக்களின் வரிசையும், திருப்பணிக்குக் கைகொடுத்தவர்களின் பெயர்களும் இடம்பெறுவது வழக்கம். அவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் மண் சுமந்து, கல் சுமந்து, மழையிலும் பனியிலும் ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்து பூசை கண்ட நம் பாட்டன் பாட்டிமார் யார் யார்? எந்த ஆண்டில் கண்மூடினார்கள்? எங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள்? நம்மில் பலருக்குத் தாத்தாவின் பெயர் தெரியும். தாத்தாவின் தகப்பனார் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம்.

பாச்சலூர் போன்ற கீழ்ப்பழனி மலை ஊர்களில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. காப்பித் தோட்டம், ஆரஞ்சுத் தோட்டம், மலைவாழைத் தோட்டம் என்று பிழைப்பை நாடிப் பல திசைகளிலிருந்து மலையேறிய குடும்பங்கள் பல. மலைவாழையை முடிக்கொத்து நோய் பிடித்தால் வேறு தோட்டம், அங்கும் வேலை குறைந்தால் வேறு ஊர். இப்படி இடம்மாறிய குடும்பத்துக்குக் கல்லறையும் ஓரிடத்தில் அமையாது. பெயர் வெட்டிய கல் நாட்ட எல்லாருக்கும் வசதி ஏது? மண்மேடும் மரச்சிலுவையும் சில மழைக்காலங்களில் கரைந்துபோகும். ஆகவே அந்த ஏழை எளியவரின் பெயர் எழுத்தில் நிற்கக்கூடிய இடம் பெரும்பாலும் ஒன்றே. அதுதான் கோவிலின் மரண ஏடு.

ஏடு வந்த வரலாறு

திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-இல் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஏட்டில் எழுதும்படி பங்குக்குருக்களுக்குக் கட்டளையிட்டது. ஐந்தாம் பவுல் பாப்பரசர் 1614-இல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல் மரண ஏட்டையும் சேர்த்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், இறந்தவரின் பெயர், வயது, பெற்றோர் அல்லது வாழ்க்கைத் துணையின் பெயர், இறந்த நாள், அவஸ்தைப் பூசுதல் முதலிய தேவதிரவிய அனுமானங்களைக் கொடுத்தவர் யார், அடக்கம் நடந்த இடமும் நாளும் ஆகிய இத்தனையும் எழுதவேண்டும் என்று வகுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டமும் மரண ஏட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில் உறுதிபூசுதலும் திருமணமும் குறிக்கப்படும். மரணம் குறிக்கப்பட வேண்டும் என்ற விதி இல்லை. ஆகவே ஒருவரின் முடிவை அறிய மரண ஏட்டைத்தான் புரட்ட வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கே இறந்த ஐரோப்பியரின் அடக்கப் பதிவு கோவிலில் ஒன்று இருக்கும். அதன் நகல் சென்னை மாகாணத் தலைமையகத்துக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் போகும். அந்த நகல்களை இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் காணலாம். அவர்களுடைய கல்லறை எழுத்துக்களைக்கூடக் காட்டன் என்ற அதிகாரி சேகரித்து 1905-இல் நூலாக்கினார். அவர்களின் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த நம் முன்னோருக்கு அத்தனை நகல் கிடையாது. கரையானும் ஈரமும் அந்த ஒரு ஏட்டைத் தின்றால் அவர்கள் பெயரும் அதோடு போயிற்று.

எங்கே தேடுவது?

முதலில் நம் பங்கின் ஏடு. ஒரு பங்கு உருவாவதற்கு முன் அது வேறொரு பங்கின் கிளைக்கிராமமாக இருந்திருக்கும். புதுப்பங்கு பிரியும்போது பழைய ஏடுகள் தாய்ப்பங்கிலேயே தங்கிவிடுவது வழக்கம். ஆகவே ‘அந்தக் காலத்தில் எந்த ஊர்ச் சாமியார் இங்கே பூசைக்கு வந்தார்?’ என்று பெரியவர்களைக் கேட்டு, அந்த ஊர்க் கோவிலில் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது ஆயர் இல்லம். 1917-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டு முடிவில் பங்கு ஏடுகளின் நகலை ஆயரகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பங்கில் ஏடு அழிந்திருந்தால் அந்த நகல் கைகொடுக்கக்கூடும். ஆனால் எந்த ஆயரகம்? இந்த மலைத்தொடர் முழுவதும் ஒரு காலத்தில் திருச்சி மறைமாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1938-இல் மதுரை மறைமாவட்டம் தனியே பிரிந்தது. 2003-இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் மறைமாவட்டம் பிரிந்தது. தேடும் ஆண்டு எது என்பதைப் பொறுத்துத் தட்டவேண்டிய கதவும் மாறும். 19-ஆம் நூற்றாண்டில் சேசுசபைக் குருக்கள் ஒருபக்கமும் கோவா மிஷன் குருக்கள் ஒருபக்கமுமாக இருந்த ஊர்களில் ஏடும் இரண்டாக இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

தாய்ப்பங்குகளின் பழங்கதையை அறியப் பெஸ் சுவாமியார் 1914-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட மதுரை மிஷன் வரலாறு உதவும். அந்தப் பிரெஞ்சு நூலின் தலைப்பிலேயே ‘பங்கு’ என்ற நம் தமிழ்ச் சொல் இடம்பெற்றிருப்பது நமக்கு ஒரு பெருமை.

ஏட்டைப் படிப்பது எப்படி?

பழைய ஏடுகள் இலத்தீனில் இருக்கும். மிரளவேண்டாம், சில சொற்கள் தெரிந்தால் போதும். ‘ஒபியிட்’ என்றால் இறந்தார். ‘செபுல்துஸ்’ என்றால் அடக்கம் செய்யப்பட்டவர். ‘பிலியுஸ்’ மகன், ‘பிலியா’ மகள், ‘உக்ஸோர்’ மனைவி, ‘விதுவா’ கைம்பெண், ‘இன்பான்ஸ்’ கைக்குழந்தை.

பெயரும் இலத்தீனாகவே இருக்கும். இராயப்பனைத் தேடுகிறவர் ‘பேத்ருஸ்’ என்றும், சின்னப்பனைத் தேடுகிறவர் ‘பவுலுஸ்’ என்றும் பார்க்க வேண்டும். அருளப்பன் ‘யோவான்னெஸ்’, பிலவேந்திரன் ‘அந்திரேயாஸ்’, முடியப்பன் ‘ஸ்தெபானுஸ்’, ஞானப்பிரகாசம் ‘அலோய்சியுஸ்’, சூசை ‘யோசேப்புஸ்’, தேவசகாயம் ‘லாசருஸ்’. ஊரார் கூப்பிட்ட வீட்டுப் பெயரும் பட்டப் பெயரும் ஏட்டில் ஏறியிருக்காது. ஞானஸ்நானப் பெயரை முதலில் அறிந்துகொண்டு போவது நல்லது.

மாதத்திலும் ஒரு பொறி உண்டு. 7 என்ற எண்ணோடு ‘ப்ரிஸ்’ என்று சேர்த்து எழுதியிருந்தால் அது ஜூலை ஆகாது, செப்டம்பர். 8 என்றால் அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். பழைய ரோமர் ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் வந்த வழக்கு இது.

வயதை அப்படியே நம்பிவிடக் கூடாது. 60, 70 என்று முழு எண்ணாக இருந்தால் பெரும்பாலும் உத்தேசம்தான். மலைக் கிராமத்தில் உபதேசியாரே செபம் சொல்லி அடக்கம் செய்துவிட்டு, சாமியார் வந்தபின் சொல்லி எழுதவைத்ததும் உண்டு. ஆகையால் நாளில் முன்பின் இருக்கலாம். சில மரணங்கள் ஏறாமலும் போயிருக்கலாம். வீட்டில் வழங்கும் பேச்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர்’ என்றால் 1876 முதல் 1878-க்குள். ‘விஷக்காய்ச்சலில் செத்தார்’ என்றால் 1918-ஐ ஒட்டிய ஏடுகளை முதலில் பார்க்கலாம். அந்தக் காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

சர்க்கார் பதிவு

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899-இல் தனிச் சட்டம் வந்தது. இந்தியா முழுமைக்குமான 1969-ஆம் ஆண்டுச் சட்டம் 1970-இல் நடைமுறைக்கு வந்தது. கிராமத்தில் முன்சீப் எழுதிய கணக்கு, 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிந்தபின் கிராம நிர்வாக அலுவலர் கைக்கு வந்தது. பழைய கிராமப் பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்யவேண்டும். பதிவுத்துறையின் இணையதளம் வழியாகவும் மனுச் செய்யலாம். திண்டுக்கல் மாவட்டம் 1985 செப்டம்பரில்தான் பிறந்தது. அதற்கு முந்தைய பதிவுகளில் நம் ஊர் மதுரை மாவட்டத்தில் இருக்கும்.

மரணம் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். பாச்சலூர்க்காரர் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இறந்திருந்தால் மதுரையில்தான் தேடவேண்டும். பதிவின் நகலில் மரணக் காரணத்தைத் தரக்கூடாது என்பது சட்டம். அது கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம்.

இப்போது வீட்டில் மரணம் நேர்ந்தால் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட் அந்தஸ்துள்ள அதிகாரியின் உத்தரவு வேண்டும். பட்டா மாற்றம், வாரிசுச் சான்றிதழ், விதவை உதவித்தொகை என்று அலைகிற குடும்பங்களைக் கேட்டால், அந்த ஒரு தாளின் அருமை தெரியும்.

கடல் கடந்து இறந்தவர்கள்

1964-இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்கள் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் குடியேறினர். அப்படிப்பட்ட குடும்பத்தின் பாட்டனார் அங்கேயே மண்ணுக்குள் இருப்பார். இலங்கையில் 1867-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே மரணப் பதிவு உண்டு. தோட்டத்தில் இறந்தால் தோட்டத்துரை வழியாக அறிக்கை போகும் முறையும் இருந்தது. தோட்டத்தின் பெயர், மாவட்டம், உத்தேச ஆண்டு மூன்றும் தெரிந்தால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் கேட்கலாம். தோட்டத்துக்கு அருகிலிருந்த கோவிலின் மரண ஏட்டையும் விசாரிக்கலாம்.

பத்திரிகையும் நினைவு அட்டையும்

மரண அறிவிப்பும் கண்ணீர் அஞ்சலியும் தினத்தாள்களில் வருகின்றன. ‘சர்வவியாபி’, ‘நம் வாழ்வு’ போன்ற கத்தோலிக்க இதழ்களின் பழைய இதழ்களையும் புரட்டிப் பார்க்கலாம். சென்னையில் கன்னிமாரா நூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய தமிழ் இதழ்களைக் காத்துவருகின்றன. ஆனால் தோட்டத் தொழிலாளியின் மரணம் அச்சில் ஏறுவது அபூர்வம். அவருக்கு வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் நினைவு அட்டை, படத்தின் பின்புறம் எழுதிய தேதி, பழைய செபப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் அப்பா குறித்துவைத்த வரி, ஆண்டுதோறும் பூசைக்குக் கொடுத்த நினைவு நாள் ஆகியவைதான் ஆவணம். இவற்றைக் குப்பை என்று எரித்துவிடாதீர்கள்.

ஜூபிலி ஆண்டில் ஒரு வேண்டுகோள்

வருகிற நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரியும் பூவும் கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுபோகட்டும். இன்னார் இங்கே இருக்கிறார் என்று வயதானவர்கள் கைகாட்டும் இடத்தை, கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இளைஞர்கள் எழுதிக்கொள்ளட்டும். பெயர், தகப்பன் பெயர், வீட்டுப் பெயர், உத்தேச ஆண்டு, வந்த ஊர் இவ்வளவே போதும். பிறகு பங்குக்குருவின் அனுமதியோடு மரண ஏட்டைப் பார்த்து ஒத்துப்பார்க்கலாம். பழைய ஏட்டை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவேண்டாம். ஈரக்கையால் தொடவும் வேண்டாம். பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஒரு பிரதியைப் பங்கிலும் ஒன்றை ஆயரகத்திலும் வைத்தால், இதுவரை ஒன்றாக இருந்தது மூன்றாகிவிடும்.

கைகாட்டிச் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். அவர்கள் பெயரும் ஒருநாள் அதே ஏட்டில் ஏறிவிடும். அதற்குள் கேட்டு எழுதிவிடுவோம். அடுத்த ஜூபிலி மலரைத் தயாரிக்கும் நம் பேரப்பிள்ளைகள், கோவிலைக் கட்டியவர்கள் பட்டியலில் நம் பாட்டன் பாட்டிமாரின் பெயர்களையும் அச்சிடட்டும்.