திருநெல்வேலிச் சொதி

சொதி என்பது தாமிரபரணிக் கரையிலுள்ள திருநெல்வேலிப் பகுதியில் தேங்காய்ப்பாலில் சமைக்கப்படும் குழம்பு ஆகும். இங்குள்ள சைவ வேளாளர் குடும்பங்களில் திருமணத்துக்குப் பின் நடைபெறும் மறுவீட்டு விருந்தில் இது முதன்மை இடம் பெறுகிறது. எனவே இது 'மாப்பிள்ளைச் சொதி' எனவும் அழைக்கப்படுகிறது. இலங்கைத் தமிழரின் அன்றாட உணவிலும் சொதி உண்டு.

செய்முறை

தேங்காயிலிருந்து மூன்று முறை பால் பிழியப்படும். பிந்திய பால்களில் காய்கள் வேகும். பின்னர் வெந்த பாசிப்பருப்பும், இறுதியில் கெட்டியான முதற்பாலும் சேரும். அதன்பின் கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும். இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிவர். செரிமானத்துக்காக இஞ்சிப் பச்சடி உடன் பரிமாறப்படும்.

புதிய காய்கள்

மரபுணவாகக் கருதப்படும் இச்சொதியில் சேரும் பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு, பீன்ஸ் ஆகியவை அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியவை. 1498-இல் போர்த்துக்கீசியர் இந்தியாவுக்குக் கடல்வழி கண்டபின்னரே அவை இங்கு வந்தன. கேரட்டும் பீன்ஸும் நெடுங்காலம் 'இங்கிலீஷ் காய்' எனப்பட்டன. திவசச் சமையலில் இக்காய்களை விலக்கி, நாட்டுக்காய்களை மட்டும் சமைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இன்றும் உள்ளது. முன்னோருக்குப் படைக்கத் தயங்கிய புதுக்காய்களையே மாப்பிள்ளைக்கு விருந்தாக்கினர். அத்துணிவே இன்று மரபாகியுள்ளது.