இதயத் தளர்ச்சியை எண்ணிய கதை

புதுச்சேரியில் இதயத் தளர்ச்சி உள்ளவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? மாணவர்களைக் கேட்டால், "ஜிப்மர் மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்பார்கள். தெரியாது. ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். மூச்சு வாங்குவதை முதுமையின் இயல்பு என எண்ணி, மருத்துவரிடம் செல்லாமலே இருப்பவர்களும் உண்டு. மேலே உள்ள எண்ணும் சரியில்லை, கீழே உள்ள எண்ணும் சரியில்லை என்றால் பின்னம் எப்படிச் சரியாகும்?

இதயத் தளர்ச்சி என்பது இதயம் நின்றுவிடுவது அன்று. உடலுக்கு வேண்டிய இரத்தத்தைச் செலுத்த இயலாமல் அது தளர்வதாகும். மூச்சுத் திணறல், கால் வீக்கம், களைப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். இவை வேறு நோய்களிலும் தோன்றுவதால், எண்ணுவதற்கு முன் வரையறை தேவை. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 1948-இல் தொடங்கிய ஆய்வு, 1971-இல் அத்தகைய வரையறையைத் தந்தது. ஆனால் அதில் முதலில் சேர்ந்த 5,209 பேரும் அநேகமாக வெள்ளையரே.

வரையறைக்குத் துணையாகக் கருவியும் வந்தது. 1953-இல் சுவீடனில் மருத்துவர் எட்லரும் இயற்பியலர் ஹெர்ட்சும், உலோகத்தின் உள்விரிசலைக் காணும் கேளா ஒலிக் கருவியைக் கொண்டு இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தனர். நாம் இன்று 'எக்கோ' என்பது இதன் வழிவந்ததே. நிரம்பிய இடது கீழறையில் 120 மில்லிலிட்டர் இரத்தம் இருந்து, சுருங்கியபின் 50 எஞ்சினால், வெளியேறியது 70. அதாவது சுமார் 58 சதவீதம். இது இயல்பான அளவு. 40-க்குக் கீழே இறங்கினால் இதயம் வலுவிழந்துள்ளது என்று பொருள்.

இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் 45 வயதைக் கடந்த 3,960 பேரை இவ்வாறு சோதித்தனர். 2.3 சதவீதத்தினருக்கு இதயத் தளர்ச்சி இருந்ததாக 2001-இல் அறிவித்தனர். அங்கே குடியேறியிருந்த தெற்காசியருக்கும் கரீபியக் கறுப்பினத்தவருக்கும் இதே எண் பொருந்துமா? அவர்கள் அந்த ஆய்வில் மிகச் சிலரே. ஆகவே 2006 முதல் 2009 வரை பர்மிங்ஹாம் நகரில் அவ்விரு சமூகத்தாரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தனியே அழைத்துச் சோதித்தனர்.

இவ்வளவு பாடு எதற்கு என்கிறீர்களா? அமெரிக்காவில் 2000-இல் தொடங்கிய மற்றோர் ஆய்வைப் பாருங்கள். அதில் நான்கு இனத்தாரைச் சேர்ந்த 6,814 பேர் இருந்தனர். ஆண்டுக்கு ஆயிரம் பேரில் புதிதாக இதயத் தளர்ச்சி கண்டவர்கள் கறுப்பினத்தவரில் 4.6, இலத்தீன் அமெரிக்க வழியினரில் 3.5, வெள்ளையரில் 2.4, சீனரில் 1.0 என 2008-இல் வெளியிட்டனர். இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கணக்கில் சேர்த்ததும் இந்த வேறுபாடு பெரிதும் மறைந்தது! குறை பிறப்பில் இல்லை. மருந்தாலும் கவனிப்பாலும் கட்டுப்படுத்தக்கூடிய காரணங்களில் இருந்தது. தனித்தனியே எண்ணியிராவிட்டால் இது வெளிப்பட்டிராது.

இனி நம் உறவினர்களிடம் வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ரீயூனியன் தீவுக்குக் கூலிகளாகச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பிரெஞ்சுக் குடிமக்கள். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் குடும்பங்கள் பாரிசிலும் வாழ்கின்றன. ஆனால் பிரெஞ்சு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் கேட்கப்படுவதில்லை. 1978-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய விவரங்களைத் திரட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. பாகுபாடு கூடாது என்பதே நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆயினும் தமிழ் வழியினர் எத்தனை பேர் என்பதே தெரியாதபோது, பின்னத்தின் கீழ் எண்ணை எங்கே தேடுவது?

அடுத்த முறை செய்தித்தாளில் நோய் பற்றிய சதவீதத்தைக் காணும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதைக் கொண்டு அளந்தார்கள்? எத்தனை பேரில்? அந்த எண்ணிக்கையில் யார் விடுபட்டார்கள்? மூன்றாவது கேள்விக்கான விடையில் உங்கள் பாட்டியும் இருக்கக்கூடும்.