பைக்காராவும் கடைசல் பட்டறையும்

மதுரையில் பழங்காநத்தம் தாண்டிப் பசுமலைக்குப் போகும் வழியில் பைக்காரா என்றொரு பஸ் ஸ்டாப் வரும். நீலகிரி பைக்காராவில் 1932 முதல் உற்பத்தியான மின்சாரம் வந்திறங்கிய துணை மின்நிலையத்தால் அமைந்த பெயர் அது.

கரண்ட் வருமுன் கடைசல் பட்டறையில் ஒருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுக்க, மரம் முன்னும் பின்னும் சுழலும். ஆசாரியின் உளி ஒரு பக்கச் சுற்றில் மட்டுமே சீவும். பிறகு மோட்டாரும் பெல்ட்டும் சேர்ந்தன. மரம் ஒரே திசையில் ஓடியது. படிவைத்த புல்லியில் பெல்ட்டை மாற்றிப் போட்டால், பருத்த கட்டைக்கு மெதுவாகவும் மெல்லிய கட்டைக்கு வேகமாகவும் ஓட்டலாம். வேலை கூடியது, கயிறு இழுத்தவர் கூலி போயிற்று.

ஓய்வுக்குப் பின் என் வீட்டு மாடியில் ஓடும் சிறு கடைசல் மிஷினில் வேகத்தை மாற்ற ஒரு திருகு போதும். அதைத் திருப்பும்போதெல்லாம் அந்தக் கயிற்றுக்காரரை நினைத்துக்கொள்கிறேன்.