கோசுமல்லியும் கோஷிம்பீரும்

புனே வந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. சர்க்கரை எட்டிப் பார்த்ததிலிருந்து தினம் ராத்திரி சாலட்தான். லத்தீனில் 'சால்' என்றால் உப்பு. பேரே அதிலிருந்து வந்ததுதான். 1699ல் ஜான் ஈவ்லின் லண்டனில் சாலட்டுக்கென்றே 'அசிட்டேரியா' என்று புத்தகம் போட்டார். மூணு பங்கு ஆலிவ் எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு என்பது அவர் கணக்கு. எனக்கு இரண்டே நாளில் அலுத்துப் போச்சு.

பக்கத்து வீட்டு காகூ கோஷிம்பீர் சொல்லிக் கொடுத்தாங்க: வெள்ளரிக்காய், தயிர், வறுத்த வேர்க்கடலைப் பொடி, சீரகத் தாளிப்பு. ஒரு வாய் சாப்பிட்டதும் அம்மாவோட ராமநவமி கோசுமல்லி ஞாபகம்! 1855 வரை மராட்டிய ராஜாக்கள் இருந்த தஞ்சாவூர்க்காரன் இதுக்கு ஆச்சரியப்படக் கூடாதுதான்.

அம்மா இப்ப இல்லை. அளவு கேட்டு வைக்கவும் இல்லை. தினம் ஒரு தாளிப்பாகப் போட்டுத் தேடிக்கிட்டிருக்கேன். நீங்க கேட்டு எழுதி வச்சிட்டீங்களா?