பெருநாழிக் கல்லுக்குள் ஓர் அந்நியத் துண்டு: 1857ஆம் ஆண்டு விண்கல் பற்றிய மறுவாசிப்பு

1857 பிப்ரவரி 28ஆம் நாள் நண்பகலில், அன்றைய மதுரை மாவட்டத்தின் தென்கோடிக் கரிசல்காட்டில், பெரும் வெடிச்சத்தத்தோடு இரண்டு கற்கள் வானிலிருந்து விழுந்தன. பெரியது 134 பவுண்டு, சிறியது 37 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 77.6 கிலோகிராம். உலக விண்கல் பட்டியல்களில் இவற்றுக்குப் 'பார்னல்லி' என்று பெயர். பெரிய கல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சூரியக் குடும்பத்தின் பிறப்பை ஆராய்பவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதை அறுத்துப் பார்த்து வருகிறார்கள். கோள்கள் தோன்றுமுன் இருந்த, யார் கையும் படாத ஆதிப்பொருள் என்பதே இக்கல்லைப் பற்றி நெடுங்காலம் நிலவிவரும் வாசிப்பு. அந்த வாசிப்பு பாதிதான் சரி என்று இக்கட்டுரை வாதிடுகிறது. இக்கல்லுக்குள் சிக்கியிருக்கும் ஒரு சிறு துண்டு, கல் உருவாவதற்கு முன்பே உருகி உடைந்துபோன வேறோர் உலகத்தின் எச்சம்.

முதலில் இடம். பட்டியல்கள் தரும் ஆயத்தொலைவு வடக்கு 9 பாகை 14 நிமிடம், கிழக்கு 78 பாகை 21 நிமிடம். மதுரை என்ற பெயரைக் கண்டு நகரத்தைச் சுற்றித் தேடுபவர் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வழிதவறியிருப்பார். அந்தப் புள்ளி விழுவது கமுதிக்குத் தெற்கே, பெருநாழியை ஒட்டி. திருச்சுழியிலிருந்து நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்குள், அருப்புக்கோட்டைக்குத் தென்கிழக்கே. ஒரு நிமிடம் என்பது தரையில் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர் என்பதாலும், இரு கற்களும் தள்ளித்தள்ளி விழுந்தவை என்பதாலும், ஊருக்குள்ளேயே விழுந்தது என்று அடித்துச் சொல்வதற்கில்லை. பெருநாழி வட்டாரம் என்பதில் மட்டும் ஐயம் கொள்ளக் காரணம் இல்லை. இனி இக்கட்டுரையில் அது பெருநாழிக் கல் என்றே அழைக்கப்படும்.

அது விழுந்த நிலமும் பழையதுதான். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடியில் சிமென்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல், ஒரு காலத்தில் கடலடி வண்டலாகப் படிந்தது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானாக் கண்டம் ஒன்றுசேர்ந்தபோது ஆழத்தில் வெந்து படிகமாயிற்று. ஆனால் சூரியக் குடும்பத்தின் முதல் திடப்பொருள்களுக்கு வயது 456.7 கோடி ஆண்டு. அந்தக் காலத்துச் சாட்சி பூமியில் எந்தப் பாறையிலும் மிஞ்சவில்லை. வானத்திலிருந்து வந்தால்தான் உண்டு.

பெருநாழிக் கல் எல்எல் வகைக் காண்ட்ரைட்; உள்வகை 3.6. இந்த எண்ணில்தான் அதன் அருமை இருக்கிறது. மூன்றில் தொடங்கும் எண் பெற்ற கற்கள், ஒன்றுசேர்ந்த பிறகு பெரிதாகச் சூடேறாதவை. கேழ்வரகு மணியைவிடச் சிறிய உருகிய துளிகளும் (காண்ட்ரூல்கள் எனப்படுபவை) இடையே நிரம்பிய நுண்தூளும் தத்தம் அடையாளத்தை இழக்காமல் அப்படியே நிற்கின்றன. இதே காரணத்தால், கல்லுக்குள் வந்து சேர்ந்த அந்நியப் பொருளும் அழியாமல் நிற்கிறது. வழக்கமான வாசிப்பு முதல் பாதியைக் கொண்டாடிவிட்டு இரண்டாம் பாதியைக் கவனிக்காமல் போகிறது.

1992இல் கென்னடி, ஹட்சிசன், ஹட்சியன், அக்ரெல் ஆகிய நால்வர் இக்கல்லில் ஒரு நுண்கப்ரோத் துண்டைக் கண்டு விவரித்தனர். கப்ரோ என்பது பைராக்சீன், பிளஜியோகிளேஸ் என்னும் கனிமங்கள் கோர்த்து நிற்கும், உருகிக் குளிர்ந்த பாறை. பூமியின் கடலடிப் புவியோட்டில் ஏராளமாக உண்டு. காண்ட்ரைட்டுக்குள் அதற்கு என்ன வேலை? அதைவிட விந்தை அதன் வேதியியல். இரும்போடு ஒப்பிட்டால் அதில் மாங்கனீசு அளவுக்கு மீறி இருந்தது. கட்டுரையின் தலைப்பையே அவர்கள் ஒரு கேள்வியாக வைத்தார்கள்: இது சூரிய ஒண்முகிலில் (கோள்கள் பிறந்த வாயு-தூசிப் படலத்தில்) நேர்ந்த கலவையா, அதுவரை அறியப்படாத ஒரு கோள்பொருளின் உருகிப் பிரிந்த பகுதியா? முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கேள்வி உரிய கவனம் பெறவில்லை என்பதே இக்கட்டுரையின் மனக்குறை.

மாங்கனீசு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பாறைக் குழம்பில் இரும்பும் மாங்கனீசும் ஒன்றையொன்று பிரியாமல் போகும். ஒரே கனிமங்களில், ஏறக்குறைய ஒரே விகிதத்தில் அமரும். ஆகவே பூமி, நிலா, செவ்வாய், வெஸ்டா என்னும் சிறுகோள் ஒவ்வொன்றின் பாறைக்கும் இவ்விரண்டின் விகிதம் ஒரு குலமுத்திரைபோல் பயன்படுகிறது. இரண்டும் பிரியும் இடம் ஒன்று உண்டு. ஒரு கோள்பொருள் முழுதாக உருகும்போது இரும்பில் பெரும்பங்கு உலோகமாகி நடுவுக்கு இறங்கிவிடும். மாங்கனீசு உலோகமாக எளிதில் மாறாது. மேலே பாறையிலேயே தங்கும். உள்ளகம் பிரிந்தபின் எஞ்சும் பாறையில் மாங்கனீசின் விகிதம் உயர்வது இதனால்தான். நுண்கப்ரோத் துண்டு காட்டுவதும் இத்தகைய உயர்வையே.

எதிர்வாதம் வலுவானது, அதை மறைப்பது நேர்மையாகாது. ஹைட்ரஜன் நிறைந்த சூடான வாயுவில் இரும்பு உலோகமாகவே உறையும். ஆலிவின் என்னும் கனிமத்துக்குள் அது நுழையாது. மாங்கனீசு சற்றுக் குறைந்த வெப்பத்தில் பின்னர் வந்து ஆலிவினில் சேரும். விளைவு, இரும்பு குறைந்து மாங்கனீசு மிகுந்த ஆலிவின். இது வெறும் கணக்கும் அன்று. கோளிடைத் தூசியிலும், ஸ்டார்டஸ்ட் விண்கலம் வில்ட்-2 வால்நட்சத்திரத்திலிருந்து 2006இல் கொண்டுவந்த துகள்களிலும் இத்தகைய ஆலிவின் கிடைத்திருக்கிறது. அப்படியானால் கோள் எதற்கு, ஒண்முகிலே போதாதா என்று கேட்கலாம்.

போதாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அந்தத் துகள்கள் பெரும்பாலும் நுண்ணிய தனி ஆலிவின் படிகங்கள். கப்ரோ உண்டாகக் கால்சியமும் அலுமினியமும் சிலிக்காவும் உரிய அளவில் ஒரே குழம்பில் கூடியிருக்க வேண்டும். வாயுவிலிருந்து வெவ்வேறு வெப்பநிலையில் உறையும் பொருள்கள் தற்செயலாக அந்த அளவில் கலந்து, பிறகு உருகி, பிறகு குளிர்ந்தன என்பதற்குப் பல தற்செயல்கள் தேவை. ஒரு சிறுகோளின் பாறை பகுதியாக உருகினால் பைராக்சீன்-பிளஜியோகிளேஸ் குழம்பு தானாகவே வரும். காண்ட்ரூல்களும் உருகியவைதானே என்ற மறுப்பும் உண்டு. உருகியிருப்பது மட்டுமே சான்று என்றால் அந்த மறுப்பு நிற்கும். இங்கே உருகலும், இரும்பிழப்பும், கப்ரோவின் கனிமச் சேர்க்கையும் ஒரே துண்டில் கூடியிருக்கின்றன. ஒற்றைத் துண்டை வைத்து இவ்வளவு பேசலாமா என்பதற்கு நீண்ட பதில் வேண்டியதில்லை: ஒற்றைத் துண்டும் எங்கிருந்தோ வந்தே ஆக வேண்டும்.

உண்மையில் அது ஒற்றைச் சாட்சியும் அன்று. 1995இல் பிரிட்ஜஸ் குழுவினர் இதே பெருநாழிக் கல்லில் கிறிஸ்டோபலைட் என்னும் சிலிக்காப் படிகம் கொண்ட துண்டுகளை விவரித்தனர். ஆலிவின் மிகுந்த காண்ட்ரைட்டில் தனிச் சிலிக்கா இருப்பது முரண். இரண்டும் சமநிலையில் கூடினால் வினைபுரிந்து பைராக்சீனாகிவிடும். சிலிக்கா தனியே மிஞ்ச வேண்டுமானால் குழம்பிலிருந்து ஆலிவின் முன்னதாகவே பிரிந்து போயிருக்க வேண்டும். உருகிப் பிரிதல் என்ற அதே கதையை வேறொரு கனிமம் வேறொரு வழியில் சொல்கிறது. 2020இல் அல்ஜீரியப் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்ட எர்க் செக் 002 என்ற விண்கல்லைப் பார்த்தபின் இதை ஒதுக்குவது இன்னும் கடினம். ஆண்டிசைட் என்னும் சிலிக்கா மிகுந்த அந்த எரிமலைப் பாறை, சூரியக் குடும்பம் தோன்றிய முதல் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே சிறுகோள் ஒன்றுக்குப் புவியோடு போன்ற மேலோடு இருந்ததைக் காட்டுகிறது.

1992இல் நால்வருக்கும் எதிராக நின்ற பெரிய தடை காலவரிசை. காண்ட்ரூல் முதலில், கோள் பிறகு என்பதே அன்றைய பொதுநம்பிக்கை. பிறக்காத கோளின் உடைசல் எப்படி வந்து சேரும்? அந்த வரிசை இன்று குலைந்துவிட்டது. 89 லட்சம் ஆண்டு அரைவாழ்வு கொண்ட ஹாஃப்னியம்-182, டங்ஸ்டன்-182 ஆகச் சிதைவதைக் கொண்டு இரும்பு விண்கற்களை அளந்தபோது, அவற்றின் தாய்ப்பொருள்கள் பல காண்ட்ரூல்களுக்கு முன்பே திரண்டு உருகியவை என்று தெரிந்தது. காண்ட்ரூல்களில் பெரும்பாலானவை முதல் திடப்பொருள்களுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 லட்சம் ஆண்டுகள் பிந்தியவை. பெருநாழிக் கல்லின் தாய்ச் சிறுகோள் திரண்ட வேளையில் உருகிப் பிரிந்த உலகங்கள் சுற்றிலும் இருந்தன, மோதி உடைந்துகொண்டும் இருந்தன. 1984இல் நைஜீரியாவில் விழுந்த குஜ்பா விண்கல்லின் துளிகள் அத்தகைய மோதலில் பிறந்தவை என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. எல்லாக் காண்ட்ரூல்களும் மோதலில் பிறந்தவை என்ற நிலைக்கு, அந்த நால்வரில் ஒருவரான ஹட்சிசன் போனார். அந்த அளவுக்குப் போக இக்கட்டுரை துணியவில்லை. ஆனால் அவரை முழுவதும் ஓரங்கட்டியது அநியாயம்.

திருச்சுழித் தலபுராணத்தில் ஊழிவெள்ளத்தைச் சிவன் சூலத்தால் தரையைத் துளைத்து வடியச் செய்த கதை உண்டு. அதையும் இக்கல்லையும் முடிச்சிட்டு, அழிவுக்குப் பின் ஆக்கம் என்ற அறிவியல் அங்கே முன்பே இருந்தது என்று எழுத ஆசை எழலாம். அங்குள்ள பூமிநாதர் கோயிலின் பெருமைக்கு அந்த முடிச்சு தேவையில்லை. நுண்கப்ரோவின் மாங்கனீசுக் கணக்குக்கும் அது உதவாது.

உதவக்கூடியது ஓர் அளவீடு. 1992இல் கைவசம் இல்லாத குரோமியம்-54, டைட்டானியம்-50 ஐசோடோப்பு விகிதங்கள் இன்று ஒரு பொருள் சூரியக் குடும்பத்தின் எந்தப் பகுதியில் பிறந்தது என்பதைப் பிரித்துக் காட்டுகின்றன. துண்டின் குரோமியம்-54 அளவு எல்எல் காண்ட்ரைட்டுகளின் அளவிலிருந்து விலகி நின்றால் அது அந்நியம் என்பது உறுதியாகும். ஒன்றிப்போனால் அயலான் என்ற வாதம் தளரும். ஆனாலும் அதே வட்டாரத்தில் பிறந்து முன்னதாக உருகிய வேறொரு பொருள் என்ற வாய்ப்பு எஞ்சும். அப்போது 37 லட்சம் ஆண்டு அரைவாழ்வு கொண்ட மாங்கனீசு-53இன் சிதைவைக் கொண்டு வயதைப் பார்க்க வேண்டியிருக்கும். மாங்கனீசு இவ்வளவு மிகுந்த துண்டுக்கு அதைவிடப் பொருத்தமான கடிகாரம் இல்லை. காண்ட்ரூல்களுக்கு முந்திய வயது வந்தால் இந்த வாதம் நிலைபெறும். தெளிவாகப் பிந்திய வயது வந்தால் இக்கட்டுரையின் வாதத்தைக் கைவிட வேண்டும்.